ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் தேட எந்த நூலகம், எந்தத் தளம்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு விமர்சனம்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,56,300. 2011-இல் 15,06,843. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, 'பத்தாண்டில் மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது, வேலை தேடி வெளியூர் போனதே காரணம்' என்று ஒரு மாணவர் முடிவெழுதினால், அவர் எடுத்த எண்கள் இரண்டும் சரி, இரண்டும் அரசு வெளியீடு, முடிவு மட்டும் முழுத் தவறு. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2001-ஆம் ஆண்டு எண் பிரியாத மாவட்டத்துடையது. இன்றைய தருமபுரி எல்லைக்குள் 2001-இல் வாழ்ந்தவர்கள் 12,95,182 பேர். அப்படிப் பார்த்தால் மக்கள்தொகை 16 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது.

ஆதாரத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கிடைத்ததை எடைபோடுவது வேறு வேலை. இந்த இரு மாவட்டங்களின் கல்லூரி மாணவர்களுக்கு எட்டும் தூரத்திலுள்ள நூலகச் சேவைகளை இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே இங்கே பார்க்கிறோம். முதல் வேலையில் சில சேவைகள் மிக நன்றாக இருக்கின்றன. இரண்டாவதை எந்தச் சேவையும் உங்களுக்காகச் செய்து தராது.

கல்லூரி நூலகம்

நூலகரிடம் முதலில் கேட்க வேண்டியது புத்தகம் இல்லை. "சார், நம்ம காலேஜ் 'ஒரே நாடு ஒரே சந்தா'வுல பதிவாயிருக்கா? வீட்ல இருந்து பார்க்க லாகின் கிடைக்குமா?" என்பதுதான். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. எல்சிவியர், ஸ்பிரிங்கர், வைலி, சேஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் எல்லாம் இதற்குள் அடக்கம். அரசு கலைக் கல்லூரி மாணவருக்கு இது சாதாரண விஷயமில்லை. ஒரே ஒரு கட்டுரைக்குப் பதிப்பகம் கேட்கும் விலை, அவருடைய ஒரு பருவத்துச் செலவை எட்டிவிடும்.

அரசு உதவிபெறும் கல்லூரி, தனியார் கல்லூரி என்றால் கேட்க வேண்டிய பெயர் 'என்-லிஸ்ட்'. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துவது. கல்லூரி உறுப்பினராக இருந்தால், நூலகர் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்ததும் தனிக் கடவுச்சொல் வரும்.

பலர் தடுமாறும் இடம் இது: கைபேசி டேட்டாவில் கட்டுரையைத் திறந்தால் டாலரில் விலை காட்டும். திட்டம் வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கல்லூரி வளாக இணைப்பில் வரும்போதுதான் பதிப்பகத்தின் தளம் உங்களைத் தானாக அடையாளம் காணும். வெளியிலிருந்து வந்தால் 'நிறுவனம் வழியாக நுழைக' என்ற பொத்தானை அழுத்தி, இன்ஃபெட் என்ற கூட்டமைப்பின் வழியே கல்லூரிப் பெயரைத் தேர்ந்து, நூலகர் தந்த லாகினைக் கொடுக்க வேண்டும். காசு கட்டத் தேவையே இல்லை.

குறை என்றால், இவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்கள். வேதியியல், மருத்துவம், பொறியியல், பொருளியல் மாணவர்களுக்குப் பொங்கல் விருந்து. தமிழ்த்துறை மாணவருக்கும் வட்டார வரலாறு எழுதுபவருக்கும் இலையில் அவ்வளவாக எதுவும் விழாது.

அலமாரிகளையும் மறக்க வேண்டாம். கல்லூரி நூலகம் டூயி பகுப்பு முறையில் அடுக்கப்பட்டிருந்தால், தமிழ்நாட்டு வரலாறு 954.82, தமிழ் இலக்கியம் 894.811, மா சாகுபடி 634.44 என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு நேரே போகலாம். தேடிய நூலின் இடமும் வலமும் ஒரு முழம் பார்த்துவிட்டு வாருங்கள். கணினிப் பட்டியலில் தமிழ் நூல்களின் தலைப்பு சில இடங்களில் தமிழிலும், சில இடங்களில் ஆங்கில எழுத்திலும் ஏற்றப்பட்டிருக்கும். ஒன்றில் இல்லை என்று வந்தால் மற்றதிலும் தேடிப் பார்த்த பிறகே 'நூலகத்தில் இல்லை' என்று சொல்லலாம்.

கூகுள் ஸ்காலர்

ஆய்வுக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் தேடித் தரும் கூகுளின் தனித் தளம். இலவசம், வேகம், எல்லாம் சரி. ஆனால் முனைவர் பட்ட ஆய்வேடு, தரமான ஆய்விதழ்க் கட்டுரை, காசு வாங்கி அச்சிடும் இதழ், கருத்தரங்க மலர் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடும். பலர் மேற்கோள் காட்டிய கட்டுரை பொதுவாக மேலே வரும். அதனால் பழையவை முந்திக்கொள்ளும், நேற்று வந்த நல்ல கட்டுரை மூன்றாம் பக்கத்தில் கிடக்கும். இடப்பக்கத்தில் ஆண்டு வடிகட்டியைப் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை என்று இரு முறை தேடுவது நல்லது.

தருமபுரி நிலத்தடி நீரில் புளோரைடு என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து ஊர்களில் பற்களில் காவி படிவதைப் பார்க்காதவர் இல்லை என்பதால், ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதை எழுதுகிறார். மாவட்டப் பெயரையும் புளோரைடையும் மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும். நிலவியல் ஆய்வாளர்கள் மாவட்டத்தின் பெயரில் தலைப்பு வைப்பது குறைவு. பாம்பாறு, வாணியாறு, சின்னாறு என்று துணைப்படுகையின் பெயரிலோ, பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று வட்டாரத்தின் பெயரிலோ வைப்பார்கள். இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. தருமபுரியை 'ஐ'யில் முடிப்பவர்கள் உண்டு, 'ஒய்'யில் முடிப்பவர்கள் உண்டு, முதல் எழுத்துக்குப் பின் 'ஹெச்' சேர்ப்பவர்கள் உண்டு, விடுபவர்கள் உண்டு. நான்கையும் முயன்று பாருங்கள். தமிழில் தேடினால் 'தருமபுரி', 'தர்மபுரி' இரண்டும் வேண்டும். இத்தனையும் செய்த பிறகு வேறு ஊர் புகுந்துவிடாமலும் பார்க்க வேண்டும். தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் ஒரு தர்மபுரி இருக்கிறது, கேரளத்து வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. கட்டுரைச் சுருக்கத்தில் மாநிலப் பெயர் இல்லையென்றால், ஆய்வுப் பகுதி வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஸ்காலரில் எனக்கு மிகப் பிடித்த வசதி, ஒவ்வொரு முடிவுக்கும் கீழே வரும் 'மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பு. 2005-இல் வந்த ஒரு கட்டுரை கிடைத்தால், அதைப் பின்னால் யார் யார் பயன்படுத்தினார்கள், யார் மறுத்தார்கள் என்று அங்கிருந்தே போகலாம். கட்டுரையின் கடைசிப் பட்டியல் பின்னோக்கி அழைத்துப் போகும், இந்த இணைப்பு முன்னோக்கி அழைத்துப் போகும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், இந்த இரண்டு வழியிலும் போய் வந்தாலே பத்துப் பதினைந்து ஆதாரம் சேர்ந்துவிடும். பக்கத்திலேயே 'எல்லாப் பதிப்புகளும்' என்று இருக்கும். பதிப்பகம் விலை கேட்கும் கட்டுரையின் இலவசப் படி, ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் பல நேரம் அதற்குள் கிடைக்கும்.

ஷோத்கங்கா

இன்ஃபிளிப்நெட் நடத்தும் முனைவர் பட்ட ஆய்வேட்டுக் களஞ்சியம். ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி கொண்டுவந்ததால் வளர்ந்தது. இப்போது பல லட்சம் ஆய்வேடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் மாணவருக்கும் சமூக அறிவியல் மாணவருக்கும் இதைவிடப் பயனுள்ள களஞ்சியம் வேறு இல்லை என்பது என் தீர்ப்பு.

தேடல் பெட்டியை மட்டும் நம்பினால் பாதியை இழந்துவிடுவீர்கள். பல்கலைக்கழகம், பின் துறை என்று பட்டியல் வழியாக உள்ளே போங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தோடு நிறுத்தாதீர்கள். அது 1997-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. நடுகல், அதியமான், தகடூர் பற்றிய ஆய்வுகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கீழும் இருக்கலாம், அண்ணாமலையின் கீழும் இருக்கலாம்.

ஆய்வேடு அங்கே ஒரே கோப்பாக இராது. முகப்பு, சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல் என்று தனித்தனி பி.டி.எஃப். முதலில் பொருளடக்கத்தை இறக்குங்கள், அடுத்து துணைநூற்பட்டியலை இறக்குங்கள். இந்த இரண்டையும் படித்தாலே ஆய்வேடு உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும். முகப்புத் தாளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பட்டம் கோரிச் சமர்ப்பித்த ஆண்டு அதில்தான் உறுதியாக இருக்கும். தளத்தில் தெரியும் பதிவேற்ற நாளைப் பார்த்து 2018 ஆய்வு என்று எழுதிவிடுவார்கள், உள்ளே பார்த்தால் 1996 களப்பணியாக இருக்கும்.

தமிழ் ஆய்வேடுகளில் இன்னும் இரண்டு சிக்கல். சிலவற்றின் தலைப்பு ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டிருக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையும் படமாக வருடியவையும் தேடலுக்குப் பிடிபடாது. 'நடுகல்' என்று கோப்புக்குள் தேடிப் பூஜ்யம் வந்தால், நூறு இடத்தில் அந்தச் சொல் இருந்தும் அப்படி வரலாம். கண்ணால்தான் புரட்ட வேண்டும். சொல்லையும் மாற்றிப் பாருங்கள். நம் பக்கத்தில் பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்றே கும்பிடுகிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் வேடியப்பன் வழிபாடு என்று எழுதியிருப்பதை, தொல்லியல் மாணவர் நடுகல் என்று தேடிக் காணாமல் போவதுண்டு.

ஆய்வேடு தேர்வாளர்களைத் தாண்டி வந்தது என்பதால் ஓரளவு மதிப்பு உண்டு. ஆனால் தரம் ஏறி இறங்கும். பின்னிணைப்பில் வினாநிரல் இருக்கிறதா, எத்தனை பேரிடம் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தார்கள் என்று மூன்றாம் இயலில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் இயலில் வேறொருவர் நூலைச் சுருக்கியிருந்தால், அந்தச் சுருக்கத்தை எடுத்து மூல நூலைப் படித்ததுபோல எழுதாதீர்கள். மூல நூலைத் தேடிப் படியுங்கள், கிடைக்காவிட்டால் இன்னார் ஆய்வேட்டில் எடுத்தாண்டது என்று நேர்மையாகக் குறியுங்கள். பிறர் செய்த பிழை உங்கள் பெயரில் ஏறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழைய ஆவணங்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் அரிய நூல்களையும் பழைய இதழ்களையும் நாட்டுடைமை நூல்களையும் படமாகத் தருகிறது. பதிப்பு ஆண்டோடு நூலின் முகப்பும் தெரிவதால் மேற்கோள் காட்ட ஏற்றது. உள்ளடக்கச் சொல் தேடலை எதிர்பார்க்க வேண்டாம்.

வட்டார வரலாறு எழுதுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அதற்கு முந்தைய அரசு ஆவணங்களில் தேட வேண்டிய பெயர் சேலம். லெஃபானு எழுதிய 1883-ஆம் ஆண்டு சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918-ஆம் ஆண்டு சேலம் கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) நம் ஊர்களுக்கான அடிப்படை நூல்கள். இரண்டும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை, இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படிக்கலாம். இன்னும் பின்னே போனால் பெயர் பாராமகால். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்கு வந்த பகுதி. கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலவரி வகுத்தது இங்கேதான். அவர்கள் காலத்துக் கடிதங்கள் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற தொகுதிகளாக அச்சாகியுள்ளன. கிருஷ்ணகிரியை அன்றைய வெள்ளைக்காரர் எழுதிய எழுத்துக்கூட்டல் 'கிஸ்ட்னகெரி' என்று ஒலிக்கும், அப்படியும் தேடுங்கள்.

இவை தகவல் நிறைந்தவை, சார்பும் நிறைந்தவை. விளைச்சல், வரி, மழை பற்றிய எண்களுக்கு நல்ல ஆதாரம். சாதிகளைப் பற்றியும் மலைவாழ் மக்களைப் பற்றியும் அந்த அதிகாரிகள் எழுதிய வரிகளை இன்று உண்மை விவரமாக எடுத்து எழுதக்கூடாது. அவை ஆட்சியாளர் எப்படிப் பார்த்தார் என்பதற்குத்தான் சான்று.

தேசிய மின்னூலகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துவது, இலவசப் பதிவு. பாடநூல், பழைய வினாத்தாள், காணொளிப் பாடத்துக்கு நன்று. ஆய்வுக் கட்டுரை தேடும்போது பல இணைப்புகள் வெறும் விவரக் குறிப்பாகவே நின்று வேறு தளத்துக்குத் தள்ளிவிடும். அந்த நேரத்தில் ஸ்காலரிலேயே தேடிவிடலாம்.

மாவட்ட மைய நூலகம்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகங்கள் உள்ளன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இடம் என்று மட்டும் நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். குறிப்புதவிப் பிரிவில் கேட்க வேண்டியவை மாவட்டப் புள்ளியியல் கையேடு, கணக்கெடுப்புக் கையேடு, கெசட்டியர், தமிழ்க் கலைக்களஞ்சியம். உறுப்பினர் அட்டை இல்லாமலும் உட்கார்ந்து படிக்கலாம். நாளிதழ்களின் பழைய கட்டுகளை எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், போகும் முன் கேட்டுவிடுங்கள். இங்கே கிடைக்கும் பழைய கையேடுகள் பல, இணையத்தில் இல்லாதவை. அதற்காகவே ஒரு முற்பகல் ஒதுக்கலாம்.

வேளாண் எண்கள் தேடுபவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. வருவாய்த்துறைப் பதிவுகள் பசலி ஆண்டில் இருக்கும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1434 என்றால் 2024-25. மாங்காய் விளைச்சலைப் பசலியிலும் மழையளவைச் சனவரி முதல் திசம்பர் வரையிலும் எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டால், அறுவடையும் மழையும் ஓராண்டு தள்ளிப் பொருந்தும். அதைப் பார்த்து எழுதும் விளக்கமும் தள்ளியே போகும்.

இதழை எடைபோடுதல்

'மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு, கட்டணத்தை ஜிபேயில் அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்கள் மாணவரிடம் காசு பறிப்பது ஒரு கேடு. அவற்றில் வந்த கட்டுரையை ஆதாரமாக எடுப்பது இன்னொரு கேடு. மருத்துவத்திலிருந்து மண்ணியல் வரை எல்லாத் துறையையும் ஒரே இதழ் வெளியிடுகிறதா, ஆசிரியர் குழுவிலுள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா, கட்டுரை வந்த நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடைவெளி எத்தனை என்று பாருங்கள். இரண்டு நாளில் யாரும் ஒரு கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்ல முடியாது.

ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தால் தரமான இதழ் என்று நினைப்பது பரவலான பிழை. அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, வண்டியின் பதிவெண் போல. பதிவெண் இருப்பதால் வண்டி நன்றாக ஓடும் என்று ஆகாது. இணையத்தில் ஒரு கட்டுரைக்கோ கோப்புக்கோ தரப்படும் நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.-யும் அப்படியே. 10.5281 என்று தொடங்கினால் அது ஜெனோடோ களஞ்சியத்தில் ஏற்றிய கோப்பு, அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றி டி.ஓ.ஐ. வாங்கலாம்.

முன்பு பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யு.ஜி.சி. கேர் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 2019-இல் வந்த அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். 'யு.ஜி.சி. கேர் அங்கீகாரம்' என்று இப்போதும் விளம்பரம் செய்யும் இதழைக் கண்டால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஸ்கோபஸ் இதழ்ப் பட்டியலையும், திறந்த அணுக்க இதழ்களுக்கான, அதாவது எவரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழ்களுக்கான, டி.ஓ.ஏ.ஜே. தளத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். பார்க்கும்போது இதழின் பெயரோடு ஐ.எஸ்.எஸ்.என்.-ஐயும் ஒப்பிடுங்கள், நல்ல இதழின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு. கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

தமிழ் இதழ்களுக்கு இந்த அளவுகோல் முழுதாகப் பொருந்தாது. பல்லாண்டாக நல்ல கட்டுரை வெளியிட்டும் எந்தப் பன்னாட்டுப் பட்டியலிலும் இல்லாத தமிழ் ஆய்விதழ்கள் இருக்கின்றன. அங்கே கட்டுரையை வரி வரியாகப் படித்து, அது காட்டும் கல்வெட்டு எண்ணையும் பாடல் எண்ணையும் மூலத்தில் சரிபார்ப்பதுதான் வழி. நேரம் எடுக்கும், தவிர்க்க முடியாது.

கட்டுரையை எடைபோடுதல்

மீண்டும் புளோரைடுக்கு வருவோம். 'தருமபுரியில் இத்தனை விழுக்காட்டு நீர் மாதிரிகளில் புளோரைடு அளவு மீறியது' என்று ஒரு வரி கிடைத்தால், எந்த அளவை மீறியது என்பது முதல் கேள்வி. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500:2012 இரண்டு அளவு சொல்கிறது. லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. ஒரே மாதிரிகளை வைத்துக்கொண்டு 1.0-ஐ எல்லையாக வைப்பவருக்கு ஒரு விழுக்காடும், 1.5-ஐ வைப்பவருக்கு வேறொரு விழுக்காடும் வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் ஒப்பீடு பொய்த்துவிடும்.

அடுத்து மாதிரி. எத்தனை கிணறு, திறந்த கிணறா ஆழ்துளையா, மழைக்கு முன்னா பின்னா? பாறைக் கனிமங்களிலிருந்து புளோரைடு கரைந்து வருவதால் ஆழம் மாறினால் அளவு மாறும், பருவம் மாறினாலும் மாறும். பாதிப்பு தெரிந்த ஊர்களில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு முடிவில் 'மாவட்டம் முழுதும்' என்று எழுதிய கட்டுரையை அந்த ஊர்களுக்கு மட்டும் ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

பிறகு காலம். ஜப்பானிய நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் (புளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2008-இல் எடுத்த ஆழ்துளைக் கிணற்று எண், நிலத்தடி நீரைப் பற்றி இன்றும் பேசலாம். மக்கள் இன்று என்ன குடிக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நீரில் உள்ள அளவும் மக்கள் உடலில் சேரும் அளவும் வேறு என்பதைப் பல மாணவர் கட்டுரைகள் குழப்பிக்கொள்கின்றன.

கடைசியாக ஊற்றுமூலம். அந்த விழுக்காட்டை அந்த ஆசிரியரே அளந்தாரா, வேறொருவரிடமிருந்து எடுத்தாரா? எடுத்திருந்தால் அவர் காட்டும் கட்டுரையைத் திறங்கள், அவரும் எடுத்தது என்றால் இன்னும் ஒரு படி பின்னே போங்கள். அளந்தவர் யாரென்று எட்டும்வரை போக வேண்டும். எட்டவே இல்லையென்றால், எத்தனை கட்டுரையில் வந்திருந்தாலும் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

அரசு எண்ணிலும் இரண்டு உண்டு. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரிக்கு 18,83,731 என்று சில தளங்களிலும் 18,79,809 என்று சில தளங்களிலும் பார்க்கலாம். முதலாவது தற்காலிக எண், அடுத்தது இறுதி எண். எடுக்க வேண்டியது இறுதி எண்.

நாளிதழ்ச் செய்தி எப்போது எதைச் சொன்னது என்பதற்கு நல்ல சான்று. முடிவான உண்மைக்கு அறிக்கையைத் தேட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அந்த வாரத்துச் செய்திகளை மட்டும் வைத்து 'தமிழகத்தின் மிகப் பழைய இரும்பு' என்று இன்று எழுதினால் தவறு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட நூலில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு பொ.ஆ.மு. 3345 வரை காலம் காட்டப்பட்டுள்ளது. அந்த நூலை எடுத்து, எந்த மாதிரி, எந்த ஆய்வகம், எந்தக் காலக்கணிப்பு முறை என்று பார்த்து எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் 'ஆதாரப் பட்டியல் கொடு' என்று கேட்பது இப்போது பெருகிவிட்டது. சொற்களைத் தேர்ந்தெடுக்க, ஆங்கிலக் கலைச்சொல் அறிய உதவும். பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையை, இருக்கும் பேராசிரியர் பெயரில், நம்பும்படியான பக்க எண்ணோடு தந்துவிடக்கூடும். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடுங்கள், டி.ஓ.ஐ.-யைத் திறந்து பாருங்கள். திறந்த பக்கத்தில் அதே தலைப்பும் அதே ஆசிரியரும் இருக்க வேண்டும். திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நூல் கிடைக்கவில்லையென்றால் பெரியார் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையிலேயே, நகருக்குள் நுழையும் முன்பே வளாகம் வந்துவிடும். துறைத்தலைவரின் கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும் கையோடு வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பகுப்பெண் எழுதிய தாளோடு போனால் ஒரு நாளில் எட்டுப் பத்து நூல் பார்க்கலாம், தாளில்லாமல் போனால் அலமாரிகளுக்கு இடையே நடந்தே மாலையாகிவிடும். ஓசூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு பெங்களூருவே அருகில். மைசூர் ஆட்சிக்காலம் பற்றி எழுதுபவர்கள் அங்குள்ள மிதிக் சொசைட்டி நூலகத்தைப் பார்க்கலாம், 1909-இல் தொடங்கிய அமைப்பு.

குறிப்பெடுக்கும்போது ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, பக்கம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: 'மாவட்ட எல்லை'. அதில் 1965-க்கு முன் என்றால் சேலம், 1965 முதல் 2004 பிப்ரவரி வரை என்றால் பிரியாத தருமபுரி, அதன் பின் என்றால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி என்று, எண்ணை எழுதிய அதே நிமிடத்தில் எழுதிவிடுங்கள்.